ஆத்தங்குடி டைல் ஏற்றுமதிக்கு டேட்டா தேடுனா சைட்டுக்கு ஒரு நம்பர் வருதே, எதை நம்புறது?

தம்பி, நீங்க கேட்டது ரெண்டு வரிதான். கானாடுகாத்தான் பக்கம் இருக்கீங்க, ஆத்தங்குடி டைல்ஸ வெளிநாட்டுக்கு அனுப்புற யோசனை இருக்கு, எம்பிஏ ப்ராஜெக்டும் அதுலயே பண்றீங்க, இன்டர்நேஷனல் டிரேட், எகனாமிக்ஸ் பத்தி நம்பகமான சைட் எதுன்னு கேட்டுட்டு, கடைசியில "ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு நம்பர் இருக்கு, தலை சுத்துது"ன்னு போட்டிருக்கீங்க. அந்த கடைசி வரிதான் உங்க கேள்வின்னு நான் எடுத்துக்குறேன். சைட் பேரு யார வேணா கேட்டா சொல்லுவாங்க, ரெண்டு நம்பர் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டா எதை எடுக்குறதுங்கிறதுதான் சிக்கல். அதுக்கே பதில் சொல்றேன், பேரெல்லாம் போற போக்குல வந்துரும்.

என்ன தைரியத்துல சொல்றேன்னா, அழகப்பா யுனிவர்சிட்டியில எம்ஏ எகனாமிக்ஸ் முடிச்சிட்டு 23 வருஷம் தூத்துக்குடியில ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல டாக்குமென்ட் வேலை பாத்தேன். ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஒரிஜின் சர்டிபிகேட், இதான் என் பொழப்பு. இப்ப காரைக்குடியில வீட்ல உக்காந்துக்கிட்டு ரெண்டு மூணு சின்ன பார்ட்டிக்கு பேப்பர் பாத்துக் குடுக்குறேன். அதனால இந்த நம்பர் எல்லாம் எங்க பொறக்குதுன்னு எனக்கு நல்லா தெரியும். எகனாமெட்ரிக்ஸ், மாடல் போடுறதெல்லாம் நமக்கு எட்டாக்கனி, அதை முதல்லயே சொல்லிடுறேன்.

நீங்க ஒரு பெட்டி டைல் தூத்துக்குடி வழியா அனுப்புறீங்கன்னு வைங்க. ஏஜென்ட் ஷிப்பிங் பில்லுல, அதாவது கஸ்டம்ஸுக்கு குடுக்குற ஏற்றுமதி விவரப் பேப்பர்ல, சரக்கு பேரு, சரக்கு வகைக்கான கோடு நம்பர், எடை, மதிப்பு, எந்த நாட்டுக்கு போகுது எல்லாத்தையும் கஸ்டம்ஸோட ஐஸ்கேட் சிஸ்டத்துல ஏத்துவாரு. அங்க இருந்து அது கொல்கத்தாவுல இருக்குற டிஜிசிஐஎஸ் ஆபீஸுக்கு போகும், நாட்டோட ஏற்றுமதி இறக்குமதி கணக்கு போடுறது அவங்கதான். அதைத்தான் காமர்ஸ் மினிஸ்ட்ரி தன்னோட எக்ஸ்போர்ட் இம்போர்ட் டேட்டா பேங்க்ல போடுது. அதே கணக்கு ஐநா சபைக்கு போயி அவங்க காம்ட்ரேட் டேட்டாபேஸ்ல உக்காரும். காம்ட்ரேட்ல இருந்து ஜெனீவா இன்டர்நேஷனல் டிரேட் சென்டர் எடுத்து டிரேட் மேப்னு போடுவாங்க, உலக வங்கி எடுத்து விட்ஸ்னு போடும், ஓஇசின்னு ஒரு சைட் கலர் கலரா கட்டம் போட்டு காட்டும், ஹார்வர்ட்ல அட்லஸ்னு ஒண்ணு வச்சிருக்காங்க. எல்லாம் ஒரே ஊருணித் தண்ணி தம்பி, குடம்தான் வேற வேற. அதனால அஞ்சு சைட்ல ஒரே நம்பர் இருக்குன்னா அது அஞ்சு சாட்சி ஆகாது, ஒரே சாட்சிதான். அஞ்சுலயும் வேற வேற நம்பர் இருந்தா எவனோ பொய் சொல்றான்னும் அர்த்தம் இல்ல, பெரும்பாலும் வருஷமோ கோடோ மாறியிருக்கும்.

கோடு விஷயத்துலதான் நம்ம ஊர் ஆளுங்க அதிகமா ஏமாறுறாங்க, அதனால இதை கொஞ்சம் நீட்டி சொல்றேன். உலகம் பூரா சரக்குக்கு எச்எஸ் கோடுன்னு ஒண்ணு இருக்கு, பிரஸ்ஸல்ஸ்ல இருக்குற உலக சுங்க அமைப்பு அதை வச்சிருக்கு, முதல் 6 இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, அதுக்கு மேல நாம 8 இலக்கம் வரைக்கும் பிரிச்சு வச்சிருக்கோம், மத்த நாடு அவங்க அவங்க இஷ்டத்துக்கு. நீங்க "டைல் எக்ஸ்போர்ட் இந்தியா"ன்னு தேடுனா வந்து விழுறது 6907, அது சூளையில சுட்ட செராமிக் டைல், குஜராத் மோர்பி சரக்கு. அந்த நம்பரப் பாத்தா கண்ணு விரியும், ஆகா இவ்வளவு பெரிய மார்க்கெட்டான்னு தோணும். ஆனா ஆத்தங்குடி டைல் சுடுறதே இல்லையே. கண்ணாடி மேல ஃப்ரேம வச்சு கலர் ஆக்சைடு கலவைய ஊத்தி, மேல மணலும் சிமென்டும் போட்டு அமுக்கி, தண்ணியில ஊறப்போட்டு எடுக்குறோம். அது சிமென்ட் பொருள், 6810-ல வரும், 6 இலக்கத்துக்கு போனா 681019. அந்த கோட்ட போட்டு பாருங்க, நிலவரமே வேற மாதிரி தெரியும். அதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு, 681019-ல உங்க கைவேலை டைலும் இருக்கும், செயற்கை கல்லுல மெஷின்ல அடிச்ச டைலும் இருக்கும், எல்லாம் ஒரே கூடையில. ஆத்தங்குடி டைலுக்குன்னு உலகக் கணக்குல தனி கோடு கிடையாது. உலகம் பூரா ஆத்தங்குடி டைல் இத்தனை கோடிக்கு விக்குதுன்னு எவனாவது ஒரு நம்பர் சொன்னா, அவன் எங்க இருந்து எடுத்தான்னு கேளுங்க, பதில் வராது.

கண்டாங்கி சேலைக்கும் இதே கதைதான். 2019-ல புவிசார் குறியீடு வாங்கியாச்சு, பெருமைதான், ஆனா நம்ம இந்திய 8 இலக்கத்துல சேலைன்னு தனி கோடு இருக்கும், உலக 6 இலக்கத்துக்கு போனா அது வெறும் பருத்தித் துணி. முறுக்கு, சீடை, மணகோலம் எல்லாம் பாத்தீங்கன்னா நம்ம பக்கம் 210690-ல போடுவோம், அது ஒரு அரிசி மூட்டை மாதிரி, புரோட்டீன் பவுடர்ல இருந்து பலகாரம் வரைக்கும் எல்லாம் உள்ள கிடக்கும். சில நாட்டு கஸ்டம்ஸ் அதே முறுக்க 1905-ல வச்சு பாப்பாங்க. அப்ப நம்ம அனுப்புன கணக்கும் அவங்க வாங்குன கணக்கும் எப்படி ஒத்து வரும்?

அப்புறம் கோடு தெரியலைன்னு இப்ப எல்லாரும் சாட்பாட்ட கேக்குறாங்க. கேளுங்க, தப்பில்ல, ஆனா அது 6907-ன்னு அடிச்சு சொல்லும், நாம தலையாட்டிருவோம். டிஜிஎஃப்டி, அதாவது வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம், அவங்க சைட்ல ஐடிசி எச்எஸ்னு இந்திய கோடு பட்டியல் இருக்கு, அதுல அத்தியாயக் குறிப்புன்னு மேல சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க, யாரும் படிக்க மாட்டாங்க, தகராறு தீர்றது அங்கதான்.

கோடு சரியா இருந்தும் நம்பர் முட்டுச்சுன்னா அடுத்து நாலு இடத்துல பாருங்க. வருஷம் முதல்ல. நம்ம மினிஸ்ட்ரி கணக்கு ஏப்ரல்ல இருந்து மார்ச், காம்ட்ரேட்ல பொதுவா ஜனவரி டிசம்பர். ரெண்டாவது மதிப்பு. ஏற்றுமதி பண்றவன் எஃப்ஓபி மதிப்பு போடுவான், அதாவது கப்பல்ல ஏத்துற வரைக்கும் உள்ள விலை. இறக்குமதி பண்றவன் பெரும்பாலும் சிஐஎஃப் போடுவான், கப்பல் வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து. டைல் மாதிரி கனமான சரக்குக்கு இந்த வித்தியாசம் நல்லா தெரியும். மூணாவது, துபாய், சிங்கப்பூர், ஹாங்காங் மாதிரி கைமாத்து துறைமுகங்க. நீங்க துபாய்க்கு அனுப்புனீங்கன்னு நம்ம கணக்குல இருக்கும், அவன் பெட்டிய பிரிக்காம ஓமனுக்கு அனுப்பியிருப்பான், ஓமன் கணக்குல அது இந்திய சரக்குன்னு ஏறும். நாலாவது டாலர் ரேட். அந்தக் காலத்துல ரங்கூன் மொகல் தெரு கோயில்ல செட்டியார்கள் மாசாமாசம் கூடி நடப்பு வட்டி என்னன்னு முடிவு பண்ணுவாங்க, எல்லாருக்கும் அந்த ஒரே ரேட்டுதான் அளவுகோல். இப்ப அப்படி இல்ல, எஃப்பிஐஎல்னு மும்பையில ஒரு நிதி அமைப்பு தினமும் ஒரு ரெஃபரன்ஸ் ரேட் போடுது, கஸ்டம்ஸ் மாசம் ரெண்டு தடவ தனியா ஒரு ரேட் போடுது, உங்க பேங்க் குடுக்குறது மூணாவது ரேட். ரூபாயில பாத்த நம்பர டாலருக்கு மாத்தும்போது எந்த ரேட்ல மாத்துனீங்கன்னு ப்ராஜெக்ட்ல எழுதி வைங்க, வைவாவுல முதல் கேள்வியே அதான் வரும்.

இதையெல்லாம் சரி பாக்க ஒரு பழைய வழி இருக்கு. நம்ம பேரேட்ட எதிராளி பேரேட்டோட ஒத்துப் பாக்குறது, அதேதான், இங்க மிரர் டேட்டான்னு சொல்லுவாங்க. இந்தியா மலேசியாவுக்கு 681019 எவ்வளவு அனுப்புச்சுன்னு காம்ட்ரேட்ல பாருங்க, அப்புறம் மலேசியா இந்தியாவுல இருந்து எவ்வளவு வாங்குச்சுன்னு பாருங்க. கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா சரி. ஒண்ணு மத்ததுக்கு ரெட்டிப்பா இருந்துச்சுன்னா அந்த நம்பர வச்சு முடிவு எடுக்காதீங்க. இப்படி ரெண்டு பக்கத்தையும் சமன் பண்ணி ஒரே கணக்கா பிரான்ஸ்ல செப்பின்னு ஒரு ஆய்வு மையம் பாசின்னு ஒரு டேட்டாபேஸ் போடுறாங்க, இலவசம், ஆனா எக்ஸெல்ல திறக்க முடியாத சைஸ், ஆர், பைத்தான் தெரிஞ்ச பையன் யாராவது வேணும். இன்னொண்ணு, மதிப்ப எடையால வகுத்து பாருங்க, கிலோ என்ன விலைக்கு போகுதுன்னு வந்துரும். உங்க டைல் ஒரு சதுர அடி எத்தனை கிலோன்னு தராசுல வச்சா, அந்த நாட்டுக்காரன் இப்ப வாங்குற விலையில உங்களுக்கு கட்டுமான்னு ஒரு ராத்திரியில தெரிஞ்சுரும். மார்க்கெட் ரிப்போர்ட்டுக்கு யாருக்கும் காசு குடுக்க வேண்டாம்.

அரசாங்க நம்பர்னா வேதவாக்கான்னு கேட்டா, இல்ல. 2024 நவம்பர் மாசம் இந்தியா சுமார் 14.8 பில்லியன் டாலருக்கு தங்கம் இறக்குமதி பண்ணுச்சுன்னு முதல்ல வந்துச்சு, பேப்பர்ல எல்லாம் தலைப்புச் செய்தி. அப்புறம் கணக்கு ரெண்டு தடவ ஏறியிருக்குன்னு கண்டுபிடிச்சு 9.84 பில்லியன்னு திருத்துனாங்க. அஞ்சு பில்லியன் டாலர் காத்துல போச்சு. இதை ஏன் சொல்றேன்னா, திருத்துனது அசிங்கம் இல்ல, திருத்துறோம்னு வெளிய சொல்ற இடத்தத்தான் நம்பலாம். ஆனா முந்தின மாச நம்பர வச்சு தீர்ப்பு எழுதக்கூடாது, ரெண்டு மூணு மாசம் ஆறப்போட்டு எடுங்க.

சரக்கு கணக்கு எனக்கு நிச்சயமா தெரிஞ்ச பக்கம். சேவைக் கணக்கு, அதாவது ஐடி, கன்சல்டிங், டூரிஸ்ட் செலவு, இதெல்லாம் ஒரு வாசல்ல நின்னு எண்ணுறது இல்ல, பேங்க் வழியா வர்ற பணம் எதுக்கு வந்துச்சுன்னு போடுற பர்ப்பஸ் கோடு, சர்வே, இதெல்லாம் வச்சு ரிசர்வ் பேங்க் கணக்கு போடுது. செட்டிநாட்டு வீட்ட ஹோட்டல் ஆக்கி வெளிநாட்டுக்காரங்க வந்து தங்குறாங்களே, அதுவும் ஏற்றுமதிதான், ஆனா அதுக்கு டைல் பெட்டி மாதிரி எடை போட்ட கணக்கு கிடைக்காது. ரிசர்வ் பேங்கோட டிபிஐஇ டேட்டாபேஸ்ல மொத்தக் கணக்கு இருக்கு. அந்த நம்பர பென்சில்ல எழுதி வைங்க, பேனாவுல வேண்டாம்.

வரி விஷயத்துக்கு யூடியூப் பக்கமே போகாதீங்க. அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 7-ல இந்திய சரக்குக்கு 25 சதவீதம்னு போட்டுச்சு, அதே மாசம் 27-ல விதிவிலக்கு சரக்கு தவிர மத்ததுக்கு இன்னொரு 25 சேந்து 50 ஆச்சு. இருபது நாள்தான். போன வாரம் எடுத்த வீடியோவ இன்னிக்கி பாத்து விலை சொன்னவன் கதி என்ன? வரிய எப்பவும் வாங்குற நாட்டோட சொந்த சைட்லதான் பாக்கணும். அமெரிக்காவுக்கு அவங்க வர்த்தக ஆணையம் யுஎஸ்ஐடிசி போடுற டேரிஃப் அட்டவணை, ஐரோப்பாவுக்கு அக்சஸ் டு மார்க்கெட்ஸ், பிரிட்டனுக்கு அரசாங்கத்தோட டிரேட் டேரிஃப் பக்கம். பல நாட்ட சேத்து ஒப்பிட்டு பாக்க அதே ஜெனீவாக்காரங்களோட மார்க்கெட் அக்சஸ் மேப். உலக வர்த்தக அமைப்பு சைட்ல பவுண்ட் ரேட், அப்ளைடு ரேட்னு ரெண்டு போட்டிருப்பாங்க, பவுண்ட்ங்கிறது இதுக்கு மேல ஏத்த மாட்டேன்னு குடுத்த வாக்கு, அப்ளைடுதான் வழக்கமா வாங்குறது, நிறைய பேரு முதல்ல இருக்குறதப் பாத்துட்டு பயந்துடுறாங்க. அமீரகத்தோட நமக்கு 2022 மே 1-ல இருந்து வரிச் சலுகை ஒப்பந்தம் இருக்கு, ஆனா சரக்கு எந்த நாட்டுதுன்னு காட்டுற ஒரிஜின் சர்டிபிகேட் சரியா இருந்தாத்தான் அந்த சலுகை, இல்லைன்னா சாதா வரிதான்.

இனி பையர் லிஸ்ட். பள்ளத்தூர்ல ஒரு அண்ணன், மரவேலைப்பாடு அனுப்புறவர், ஒரு தனியார் கம்பெனிகிட்ட 18,000 ரூபா குடுத்து வெளிநாட்டு பையர் லிஸ்ட் வாங்கிட்டு வந்து என்கிட்ட காட்டுனாரு. 400 பேரு. மெயில் போட்டோம், பாதிக்கு மேல திரும்பி வந்துருச்சு, வந்த ரெண்டு பதில்ல ஒருத்தர் ஃபர்னிச்சர் விக்கிறத விட்டு ஆறு வருஷம் ஆச்சாம். அவரு "நீங்க சொல்லியும் கேக்காம வாங்கிட்டேனே தம்பி"ன்னாரு, நான் சொல்லவே இல்ல, கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அமெரிக்காவுல கப்பல் மேனிஃபெஸ்ட், அதாவது கப்பல்ல வர்ற சரக்குப் பட்டியல், பொதுத் தகவல், அதனால அங்க எவன் வாங்குனான்னு பேரோட விக்கிற கம்பெனிங்க இருக்கு, அது சட்டப்படி சரி, ஆனா வேண்டாம்னு எழுதிக் குடுத்தவன் பேரு அதுல இருக்காது. இந்தியாவுல கதை வேற. கஸ்டம்ஸ்ல குடுத்த தனித்தனி ஏற்றுமதி இறக்குமதி தகவல சட்டம் அனுமதிக்காம வெளியிடுறது குற்றம்னு 2022-ல கஸ்டம்ஸ் சட்டத்துல 135ஏஏ-ன்னு ஒரு பிரிவு சேத்திருக்காங்க, ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 50,000 வரைக்கும் ஃபைன், இல்ல ரெண்டும். அதனால "இந்தியன் எக்ஸ்போர்ட்டர் ஷிப்மென்ட் டேட்டா, பேரு விலையோட"ன்னு எவனாவது வாட்ஸப்ல வந்தா ஒதுங்கிக்கோங்க.

எகனாமிக்ஸ் படிக்கிறதுக்கு கேட்டிருந்தீங்க. உலக வங்கி, ஐஎம்எஃப் ரெண்டும் டேட்டாவ இலவசமாத்தான் குடுக்குது. ஐஎம்எஃப் உலகப் பொருளாதாரப் பார்வைன்னு ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் ஒண்ணு போடும், அதுல நடந்து முடிஞ்ச வருஷத்து எண்ணும் வரப்போற வருஷத்து எண்ணும் ஒரே அட்டவணையில பக்கத்துல பக்கத்துல இருக்கும். முன்னது கணக்கு, பின்னது ஜோசியம், படிச்சவங்க சொல்ற ஜோசியம். ப்ராஜெக்ட்ல ரெண்டையும் ஒரே கோடா இழுத்து கிராஃப் போடாதீங்க. பொருளாதார அறிஞர்கள் சின்ன சின்னதா எழுதுறது வோக்ஸ்இயுங்கிற சைட்ல வருது, பொதுவா புரியிற இங்கிலீஷ். அமெரிக்க ஆய்வு அமைப்பு என்பிஇஆர் போடுற ஒர்க்கிங் பேப்பர் நல்ல இடம், ஆனா ஒர்க்கிங் பேப்பர்னா இன்னும் வேகாத சோறு, நடுவர்கள் பாத்து பத்திரிகையில வந்தப்புறம் முடிவே மாறுனது உண்டு. நம்ம பக்கம் சென்னையில மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், எம்ஐடிஎஸ், டெல்லியில இக்ரியர், இவங்க ஆய்வறிக்கை எல்லாம் சைட்லயே நிறைய கிடைக்கும். காசு கேக்குற ஜர்னலா இருந்தா, 2025-ல இருந்து ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்னு அரசு கல்வி நிறுவனங்களுக்கு குடுத்திருக்காங்க, அழகப்பாவுல படிக்கிற சிநேகிதன் யாராவது இருந்தா அவன்கிட்ட லாகின் எப்படின்னு கேளுங்க.

ஒரு பழைய நம்பர் கதை சொல்றேன், நம்ம ஊர் சமாச்சாரம்கிறதால. "பர்மாவுல பாதி நிலம் செட்டியார்கள் கையில இருந்துச்சு"ன்னு குரூப்ல வருஷத்துக்கு ஒரு தடவ சுத்தி வரும். நிஜக் கணக்கு என்னன்னா, கீழ் பர்மாவுல நெல் விளையிற முக்கியமான 13 மாவட்டத்துல, 1930-ல 6 சதவீத நிலம், 1930-கள் முடியிறதுக்குள்ள 25 சதவீதம். அதுவும் ஆசைப்பட்டு வாங்குனது இல்ல, உலகப் பொருளாதார மந்தத்துல நெல் விலை விழுந்து, கடன் வாங்குனவங்க கட்ட முடியாம அடமானம் கைக்கு வந்துச்சு. கீழ் பர்மா, நெல் விளையிற, 13 மாவட்டம், இந்த மூணு வார்த்தையும் ஒவ்வொரு கையா மாறும்போது உதிர்ந்து உதிர்ந்து கடைசியில பாதி பர்மாவா நிக்குது. உங்க டைல் நம்பருக்கும் இதான் நடக்குது. ஏதாவது ஒரு பிளாக்ல "இந்திய டைல் ஏற்றுமதி இத்தனை"ன்னு இருந்தா, செராமிக், எந்த வருஷம், எஃப்ஓபி, இந்த வார்த்தை எல்லாம் எங்க உதிர்ந்துச்சுன்னு பின்னாடியே தேடிப் போங்க. தேடிப் போயி அந்த நம்பரோட முதல் இடம் கிடைக்கலைன்னா விட்டுருங்க, அது எவ்வளவு அழகா இருந்தாலும்.

இந்த வழியெல்லாம் எதுக்கு உதவாதுன்னும் சொல்லிடுறேன். போன வருஷம் எவ்வளவு போச்சுன்னு சொல்லும், அடுத்த வருஷம் உங்க டைல் கோலாலம்பூர்ல விக்குமான்னு சொல்லாது. பெட்டிக்குள்ள டைல் உடையாம போகுமாங்கிறது எந்த டேட்டாபேஸ்லயும் இல்ல, ஆத்தங்குடி டைலுக்கு அதான் பெரிய தலைவலி, மூலை பட்டுன்னு போயிரும். 681019-ன்னு நான் சொன்னதும் நான் பாத்த சரக்க வச்சு சொன்னது, உங்க டைல்ல என்ன கலவைங்கிறத வச்சு கஸ்டம்ஸ் புரோக்கர்தான் முடிவா சொல்லணும், பெரிய ஆர்டர்னா அட்வான்ஸ் ரூலிங், அதாவது எந்த கோடுன்னு முன்கூட்டியே தீர்ப்பு, கேட்டு எழுத்துல வாங்கிக்கலாம். முதல்ல டிரேட் மேப்ல ரெஜிஸ்டர் பண்ணி, அந்த கோட்டுக்கு கடைசி அஞ்சு வருஷம் யார் யார் வாங்குறாங்கன்னு எடுங்க, எடுத்துட்டு மலேசியா, சிங்கப்பூர், அமீரகம் மூணுக்கும் மிரர் பாத்துட்டு, ஒரு சதுர அடி எடையோட சேத்து இங்கயே போடுங்க. கிலோ விலை கணக்க நான் ஒரு தடவ சரி பாத்து சொல்றேன்.